விட்டுப்போனவர்களின் பட்டியல்

அக்காவிடம் ஒரு கதையை யாரும் நிம்மதியாகச் சொல்லி முடித்துவிட முடியாது. கதையில் ஆள் குறைந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். "எங்க சித்தி புது வீடு மந்திரிப்புக்குப் போனோம்க்கா. அப்பா, அம்மா, தம்பி, நான்" என்று ஆரம்பித்தால், "ஒங்க அண்ணன் வரலையா?" என்பார். அண்ணனுக்கு வேலை என்றால், "அண்ணி?" என்பார். ஆமாம், அண்ணி வந்திருந்தார், சொல்ல மறந்துவிட்டேன் என்றதும் அவர் முகத்தில் ஒரு சின்னத் திருப்தி வரும். அதற்குப் பிறகுதான் பாதிரியார் வந்து வீட்டை மந்திரிக்க முடியும்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு பேட்டரி கடையின் மாடியில், வலைத்தளம் செய்துகொடுக்கும் அலுவலகம் ஒன்று இருந்தது. இரண்டு அறை, நான்கு கம்ப்யூட்டர். முதலாளியை சார் என்போம். அவர் பெரும்பாலும் ஆர்டர் பிடிக்க வெளியே சுற்றிக்கொண்டிருப்பார். படம் வரைந்து தரும் பையன் ஒருவன் வாரத்தில் மூன்று நாள் வருவான். மற்றபடி அக்காவும் நானும்தான் அங்கே நிரந்தரம். எனக்கு இருபத்து நான்கு வயது, அவருக்கு முப்பத்தைந்து இருக்கும். நான் டவுன்காரி, பத்து நிமிட நடையில் வீடு. அவர் கன்னிவாடியிலிருந்து பஸ் ஏறி வருவார். ஆனாலும் தினமும் அவர்தான் முதலில் வந்து கதவைத் திறந்திருப்பார்.

அது மின்வெட்டுக் காலம். கரண்ட் போனதும் கீழ்க்கடையின் ஆசிட் வாடை மட்டும் படியேறி மேலே வரும். அந்த நேரத்தில் நான் மேசையில் தலைவைத்துப் படுப்பேன். அக்கா ஒரு நோட்டை எடுத்து, காலையிலிருந்து செய்த வேலைகளில் எது விட்டுப்போயிருக்கிறது என்று எழுதுவார். விட்டுப்போனது ஒன்றுமில்லை என்றால் அதையும் எழுதுவார்.

அவர் கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. தொண்ணூறுகளில் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு, வாக்காளர் பட்டியல் அடித்துக்கொடுக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது, அதையும் அதே தட்டலில் கற்றுக்கொண்டுவிட்டார். கணவர் நூல் மில்லில் ஷிப்ட் வேலை, ஒரு பெண் குழந்தை. இதற்கு மேல் அவரைப் பற்றி எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருந்தார், எங்கள் வீட்டுப் பூனைகளின் எண்ணிக்கை உட்பட.

சார் வீட்டுக் காதுகுத்து ஒரு மண்டபத்தில் நடந்தது. சாப்பாடெல்லாம் முடிந்து சமையல்காரர்கள் பாத்திரத்தைக் கவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா மண்டபத்தைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்து, "ஜெனரேட்டர்காரரு சாப்புடல" என்றார். அந்த ஆள் மண்டபத்துக்குப் பின்னால், சத்தம் கேட்காத தூரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட ஆள் வரும் என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். அக்கா சமையல்காரரிடம் சண்டை போடவில்லை. பாத்திரத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார், அவ்வளவுதான். அவர்கள் திட்டிக்கொண்டே ஒரு இலை போட்டார்கள். அந்த மனிதர் சாப்பிட்டு எழும்வரை அக்கா நகரவில்லை. நான் அன்று அவரை மிகவும் நேசித்தேன் என்று இப்போது சொல்லத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குக் கால்தான் வலித்தது.

அதே குணம் நம்மீது திரும்பும்போது நேசமெல்லாம் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறுமலைக்குப் போய்வந்ததைத் திங்கட்கிழமை அலுவலகத்தில் அளந்துகொண்டிருந்தேன். நாங்கள் தோழிகள் நான்கு பேர், இரண்டு வண்டி. சாரும் அன்று உள்ளே இருந்தார்.

"யாரு யாரு போனீக?" என்றார் அக்கா.

மூன்று பேர் பெயரைச் சொன்னேன். நாலாவது நான்.

"ஒங்க நாலு பேர்ல அந்த ஸ்கூல் டீச்சருக்கு மட்டுந்தான வண்டி ஓட்டத் தெரியும்? இன்னொரு வண்டிய யாரு ஓட்டுனா?"

நான் திரும்பி என் கம்ப்யூட்டரைப் போட்டேன். படம் வரையும் பையன் சிரித்துவிட்டான். சார் சிரிக்கவில்லை, ஆனால் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். சார் மனைவியும் என் அம்மாவும் ஒரே கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவர்கள். அடுத்த ஞாயிறு வீட்டில் எனக்கு நடந்ததை இங்கே எழுத வேண்டாம். இரண்டு வாரம் அக்காவோடு பேசாமல் இருந்தேன். அவருக்குத் தான் செய்தது என்ன என்றே புரியவில்லை. "ஆளு இருந்தா இருக்குன்னு சொல்ல வேண்டியதுதான புள்ள. இருக்க ஆள இல்லன்னா அந்தாளுக்கு எப்புடி இருக்கும்?" என்றார். வண்டி ஓட்டியவனுக்காக வருத்தப்பட்டார். எனக்காக இல்லை.

ஏன்தான் இப்படி இருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். அவருடைய அப்பா இறந்தபோது நடந்ததைச் சொன்னார். கேதம் சொல்லிவிட ஊர் ஊராக ஆள் அனுப்ப வேண்டும். பெரியப்பா மனசிலிருந்தே பெயர்களைச் சொல்ல, ஆட்கள் கிளம்பிப் போயிருக்கிறார்கள். வத்தலக்குண்டில் இருந்த சின்ன அத்தை பெயர் விட்டுப்போயிற்று. அப்பாவுக்குக் கூடப்பிறந்த தங்கை. "மூணாம் நாளு யாரோ சொல்லிக் கேட்டு வந்துச்சு. வீட்டுக்குள்ள வரல. வாசல்ல நின்னு எங்க பெரியப்பா மூஞ்சியவே பாத்துச்சு. அடுத்த பஸ்ல போயிருச்சு. அம்புட்டுத்தான், அப்பறம் அது எங்க வாசல மிதிக்கல."

இன்னொரு சமயம் அதே கேள்விக்கு வேறு பதில் சொன்னார். வாக்காளர் பட்டியல் அடித்த நாளில், ஒரு தாள் முடிந்து மறுதாள் தொடங்கும் இடத்தில் ஒரு வீடு மொத்தமாக விடுபட்டுவிட்டதாம். தேர்தலன்று அந்த வீட்டார் வரிசையில் நின்று திரும்பிப் போனதை இவர் பார்த்திருக்கிறார். இரண்டில் எதுதான் காரணம் என்று கேட்டேன். "ரெண்டும் நடந்ததுதான. ஒன்னச் சொல்லி ஒன்ன விட முடியுமா?" என்றார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் சைட்மேப் வந்து சேர்ந்தது.

நிலக்கோட்டைப் பக்கம் பூநாற்றுப் பண்ணை வைத்திருந்த ஒருவருக்குத் தளம் செய்து கொடுத்திருந்தோம். அவர் ஒரு நாள் படியேறி வந்து சத்தம் போட்டார். "நல்லாத்தான் செஞ்சு குடுத்தீக. சம்பங்கிக் கெழங்குன்னு தேடுனா ஊர்ல இருக்கவன் பேரெல்லாம் வருது, எம் பேரு வரல. நான் எதுக்கு இத வச்சுருக்கேன்?" அவர் சொன்னது சரிதான். தளத்தின் முகப்பு மட்டும் தேடினால் கிடைத்தது. சம்பங்கி, மல்லிகை, ரோஜா என்று உள்ளே இருந்த பக்கங்கள் எதுவும் கிடைக்கவில்லை. மவுஸைக் கொண்டுபோய் வைத்தால் திறக்கிற மாதிரி அழகான மெனு போட்டிருந்தோம். தேடுபொறிக்கு அந்த மெனுவைத் திறக்கத் தெரியவில்லை.

அக்கா இரண்டு நாள் எதையெதையோ படித்தார். அகராதி வைத்துக்கொண்டு படித்தார். மூன்றாம் நாள் சாரிடம் விளக்கினார்.

"சார், கல்யாணப் பத்திரிகை வைக்கப் போறோம்னு வைங்க. ரோட்டு மேல இருக்க வீட்டுக்கெல்லாம் வச்சுருவோம். தோட்டத்துக்குள்ள, கெணத்து மேட்டுல குடியிருக்கவன் வீடு? யாராச்சும் சொன்னாத்தான தெரியும்? இந்தத் தேடுறவன் அசலூர்க்காரன். நம்ம சைட்டுல எந்த வீடு எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியாது. இன்ன இன்ன வீடு இருக்கு, ஒன்னு விடாமப் போயிட்டு வான்னு நாமதான் எழுதிக் குடுக்கணும். அந்தக் காயிதந்தான் சைட்மேப்பு."

சார் தலையாட்டினார். அதற்குப் பிறகு நான் வேறு ஊர்களில், பெரிய அலுவலகங்களில், கோட்டு போட்டவர்கள் சைட்மேப் பற்றி வகுப்பெடுக்கக் கேட்டிருக்கிறேன். அதைவிடத் தெளிவாக ஒருவரும் சொன்னதில்லை.

சைட்மேப் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தளத்தில் இருக்கும் ஒவ்வொரு பக்கத்தின் முகவரி, அது கடைசியாக மாறிய தேதி, இப்படி வரிசையாக எழுதிய ஒரு கோப்பு. அதைச் சர்வரில் வைத்துவிட்டுத் தேடுபொறிக்குச் சொல்லிவிட வேண்டும். அக்கா முகவரிகளை அடித்துவிட்டு, ஒரு ஸ்கேலை வைத்து வரி வரியாகச் சரிபார்த்தார். ஒரு மாதம் கழித்து ஓசூரிலிருந்து யாரோ சம்பங்கிக் கிழங்கு கேட்டுப் பண்ணைக்குப் போன் செய்தார்கள். பண்ணைக்காரர் சந்தோஷத்தில் நான்கு ரோஜாத் தொட்டி கொண்டுவந்து எங்கள் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். நம்மிடம் இருக்கும் எல்லாத் தளங்களுக்கும் போட்டுவிடுங்கள் என்று சார் சொல்லிவிட்டார். அந்த நாட்களில் இருந்தது போல அவ்வளவு சந்தோஷமாக அக்காவை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

எங்களிடம் இருந்த தளங்களில் பெரியது ஒரு திருமணத் தகவல் மையத்துடையது. நடத்தியவர் வயதான மனிதர், வேட்டியும் கைப்பையுமாகப் பழனிக்கும் வத்தலக்குண்டுக்கும் இடையில் பஸ்ஸிலேயே வாழ்ந்தவர். மையக்காரர் என்போம். பதிந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. போட்டோ, படிப்பு, வேலை, நட்சத்திரம், எதிர்பார்ப்பு. எல்லாம் சேர்த்து நானூறுக்கு மேல் இருக்கும். முகப்பில் பெயர் வரிசை. பெயரைத் தட்டினால் அவருடைய பக்கம் திறக்கும்.

சனிக்கிழமை தோறும் மையக்காரர் ஒரு சீட்டு கொண்டுவருவார். அந்த வாரம் நிச்சயமானவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். "இவுகளுக்கெல்லாம் முடிஞ்சிருச்சு, எடுத்துரும்மா" என்பார். எடுப்பது என் வேலை. முறைப்படி என்றால், சர்வருக்குள் போய் அந்தப் பக்கத்தையும் போட்டோவையும் அழித்து, பிறகு பெயர் வரிசையிலிருந்து பெயரையும் எடுக்க வேண்டும். எங்கள் இணையத் தொடர்பு நடுவில் நடுவில் அறுந்துபோகும். ஒரு பக்கத்தை அழிப்பதற்குள் கரண்டும் போய்விடும். நான் பெயரை மட்டும் எடுப்பேன். பெயர் இல்லையென்றால் பக்கத்துக்கு யாரும் போக முடியாது, அது உள்ளே கிடந்தால் யாருக்கு என்ன? "எடுத்தாச்சு சார்" என்பேன். இரண்டு வருடம் இப்படியே சொன்னேன்.

அந்தத் தளத்துக்கு அக்கா சைட்மேப் போட்டது ஒரு சித்திரை மாதம். முகப்பிலிருந்து பெயர் பெயராகப் போய் முகவரிகளை எடுத்தார். அத்தோடு விட்டிருந்தால் அது வேறு ஆள். சர்வரில் இருந்த கோப்புகளையும் பட்டியல் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டார். பெயர் வரிசையில் இல்லாத பக்கங்கள் நூறுக்கு மேல் இருந்தன.

"ஏ புள்ள, செத்த இங்க வா. இம்புட்டுப் பேரு பக்கம் உள்ள இருக்கு. ஒன்னுக்கும் வழியில்ல. ஏன்?"

பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லாம் கல்யாணம் முடிந்தவர்கள். சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு வருடமாக நான் சொன்ன பொய் வெளியே வரும். சிறுமலைக்கு வண்டி ஓட்டியவனை அக்கா கண்டுபிடித்த விதம் எனக்கு மறக்கவில்லை. இவருக்குத் தெரிந்தால் சாருக்குத் தெரியும், மையக்காரருக்குத் தெரியும்.

"லிஸ்ட்டுல சேக்க விட்டுப்போச்சு போலக்கா" என்றேன்.

விட்டுப்போச்சு என்றால் அக்கா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்.

"பாவம்" என்றார் அவர். "பதிஞ்சு வச்சுட்டு, வரன் வரும் வரும்னு காத்துக்கிட்டு இருப்பாகள்ல."

மூன்று நாள் உட்கார்ந்து அத்தனை பேரையும் சைட்மேப்பில் சேர்த்தார். பிறகு எல்லாப் பக்கங்களின் அடியிலும் சைட்மேப்புக்கு ஒரு இணைப்பு கொடுத்து, பழையது புதியது என்று பார்க்காமல் மறுபடி சர்வரில் ஏற்றினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'கடைசியாகப் புதுப்பித்த நாள்' என்று ஒரு வரி தானாக விழும். எல்லாவற்றிலும் அந்த வாரத்துத் தேதி விழுந்தது. முகப்பின் பெயர் வரிசையில் அவர்களைச் சேர்க்கும் வேலையை என்னிடம் விட்டார். நான் சேர்க்கவில்லை. அதனால் மையக்காரர் கண்ணில் ஒன்றும் படவில்லை.

ஆவணி பிறந்து சில நாளில் மையக்காரர் வந்தார். வழக்கமான சீட்டு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு புள்ள வாழ்க்கை அந்தரத்துல நிக்குதும்மா" என்றார்.

சேவுகம்பட்டிப் பெண். ஒட்டன்சத்திரம் பக்கம் தையில் கட்டிக்கொடுத்தது. மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை. வைகாசியோ ஆனியோ, ஒரு நாள் விளையாட்டாகக் கம்ப்யூட்டரில் மனைவியின் பெயரை அடித்துத் தேடியிருக்கிறான். அவள் போட்டோவோடு பக்கம் வந்திருக்கிறது. மணமகன் தேவை. அடியில் தேதி, கல்யாணம் முடிந்து மூன்று மாதத்துக்குப் பின்னால். அந்தத் தேதிக்கு அவள் ஊர்த் திருவிழாவுக்கென்று தாய்வீடு போய்ப் பத்து நாள் இருந்திருக்கிறாள். அவன் கணக்குப் போட்டுவிட்டான். பிடிக்காமல் கட்டிக்கொண்டாள், அம்மா வீட்டில் உட்கார்ந்து வேறு மாப்பிள்ளை தேடியிருக்கிறாள்.

"ஆடிக்குப் பொறந்த வீடு வந்த புள்ளய ஆவணி பொறந்தும் கூப்புட வரல. நான் போய்ப் பேசுனேன். மையம் நடத்துறவன் பேசுறத எவன் நம்புவான்? அந்தப் புள்ளைக்குக் கம்ப்யூட்டரத் தொடக்கூடத் தெரியாதும்மா. நான் போன கார்த்திகையிலயே சீட்டுக் குடுத்தேன். எடுத்தாச்சுன்னு சொன்னாக."

சொன்னாக என்றபோது அவர் யாரையும் பார்க்கவில்லை. அக்காவும் என்னைப் பார்க்கவில்லை. தன் நோட்டை எடுத்துச் சித்திரை மாதத்தைப் புரட்டினார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.

அன்றைக்கே அவர் சிலவற்றை அச்செடுத்துக்கொண்டு, பழைய பக்கங்களை எல்லாம் அழித்தார். அழித்த பிறகும் தேடினால் வந்தது. "பத்திரிகை வச்சுக் கூப்புட்டவன வராதன்னா ஒடனே நின்னுருவானா? செத்த நாளாகும்" என்றார். குரலில் ஒன்றும் இல்லை.

சாருக்குப் போய்ப் பேசுவதில் விருப்பமில்லை. "போன்ல சொல்லிக்கலாம். நேர்ல போய் நின்னா நம்ம மேல திருப்பிருவாங்க."

"திருப்பட்டும் சார். நம்ம மேல இருக்கதுதான" என்றார் அக்கா. பிறகு என்னிடம், "ஞாயித்துக்கெழம மாப்ள ஊர்ல இருப்பாராம். நீயும் வா" என்றார்.

ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, அச்செடுத்த தாள்களில் தேதிகளுக்கு அடியில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். சொல்லிவிடலாம் என்று நான் வழியெல்லாம் நினைத்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடுத்த நிறுத்தம் என்று தள்ளிப்போட்டேன்.

ஊருக்கு வெளியே தோட்டத்து வீடு. மாமியார் களத்தில் தக்காளியைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆருங்க நீங்க?"

"திண்டுக்கல்லருந்து வாரோம்மா. ஒங்க மருமக பக்கம் கம்ப்யூட்டர்ல வந்துச்சுல்ல, அத வர வச்சது நான்தான்."

உள்ளேயிருந்து வந்த மாப்பிள்ளை அதைக் கேட்டதும் திரும்பி உள்ளே போகப் பார்த்தான். "இருடா. வந்தவங்க சொல்லட்டும்" என்றார் அந்த அம்மாள். இரண்டு நாற்காலி வந்தது, சொம்பில் தண்ணீர் வந்தது.

அக்கா முதலிலிருந்து ஆரம்பித்தார். அவருக்கு நடுவிலிருந்து சொல்லத் தெரியாது. "கார்த்திகையில நிச்சயமானதும் மையக்காரரு எங்க ஆபீசுக்குச் சீட்டுக் குடுத்தாரும்மா, இந்தப் புள்ள பக்கத்த எடுத்துருங்கன்னு. எடுத்தாச்சுன்னு சொன்னதையும் நம்பிக்கிட்டாரு. ஆனா எடுக்கல."

"ஆருங்க எடுக்காம உட்டது?" என்றார் மாமியார்.

அக்கா மடியிலிருந்த தாள்களை எடுத்து, ஓரம் சேரும்படி தட்டித் தட்டிச் சரிசெய்தார். அவை ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தன. நான் சொம்பை எடுத்தேன். தாகம் இல்லை. அண்ணாந்து ஒரே மூச்சில் பாதிச் சொம்பைக் குடித்தேன்.

"எங்க ஆபீஸ்லதாம்மா" என்றார் அக்கா. பிறகு தொடர்ந்தார். சித்திரையில் தான் பட்டியல் போட்டது, விட்டுப்போனவர்கள் என்று நினைத்து இவளையும் சேர்த்தது, எல்லாப் பக்கங்களையும் மறுபடி ஏற்றியது, தேதி விழுந்தது. தன் பங்கில் ஒன்றையும் குறைக்கவில்லை.

"தேதி எப்படீங்க தானா மாறும்?" என்றான் மாப்பிள்ளை. "ஆராவது உள்ள போயி மாத்துனாத்தானுங்க மாறும்."

"மாத்துனது நான். இவுக பக்கத்த மட்டுமில்ல. இந்தா பாருங்க, இத்தன பேருக்கும் அதே தேதி."

அவன் தாள்களைப் புரட்டினான். "நீங்களா அடிச்சுட்டு வந்திருக்கலாமுங்க. நான் எப்படி நம்புறது?"

அக்கா அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து, அவனிடம் தராமல் அவன் அம்மாவிடம் கொடுத்தார். மாமியார் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். அவருக்கு எழுத்துத் தெரியவில்லை. போட்டோ தெரிந்தது.

"இது நீதானேடா? கோட்டுப் போட்டு எடுத்தியே."

"அதே மையத்துல இவரும் பதிஞ்சிருந்தாரும்மா. அப்புடித்தான ரெண்டு வீட்டுக்கும் பேச்சு வந்துச்சு" என்றார் அக்கா. "மணமகள் தேவைன்னு போட்டுருக்கு. கீழ தேதி இருக்கு. மருமக பக்கத்துல இருக்க அதே நாளு. கம்ப்யூட்டர்ல இவரு பேர யாரும் தேடல, அம்புட்டுத்தான்."

மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, கல்யாணத்துக்கு அப்புறம் நான் அந்தப் பக்கமே போகலம்மா. சத்தியமா எனக்கு ஒன்னுந் தெரியாது."

மாமியார் தாளை மடித்தார்.

"அதையேதானடா அவளும் சொன்னா" என்றார்.

அவர் மறுபடி உட்கார்ந்து இரண்டு தக்காளியை எடுத்து அடுக்கினார். பிறகு தலை நிமிராமல், "காலையில மொத பஸ்ஸுக்குப் போயிக் கூட்டிட்டு வா. நானும் வர்றேன்" என்றார். நாங்கள் கிளம்பும்போது ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்தார்.

அந்தப் பெண் வந்து சேர்ந்துவிட்டதாக அடுத்த சனிக்கிழமை மையக்காரர் சொன்னார். அவளை நான் பார்த்ததில்லை. அவன் மனதில் எல்லாம் துடைத்துப்போயிற்றா, ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்ததா, அதுவும் எனக்குத் தெரியாது. ஒரு வருடத்தில் நான் வேறு வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய்விட்டேன். அக்காவோடு தொடர்பு விட்டுப்போயிற்று. நானாகத்தான் விட்டேன்.

அன்று ஒட்டன்சத்திரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் கூட்டம். பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தோம். அக்கா ரெட்டியார்சத்திரத்தில் இறங்கிக் கன்னிவாடிக்கு வேறு பஸ் பிடிக்க வேண்டும். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம்.

"அக்கா, அங்க எம் பேரச் சொல்லாம விட்டீங்களே..." என்று ஆரம்பித்தேன். நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை.

"நான் எங்க புள்ள விட்டேன்? யாரு எடுக்கலன்னு அந்தம்மா கேட்டப்ப பேசாம நிறுத்துனேன்ல? ஒனக்காகத்தான் நிறுத்துனேன். நீ தண்ணி குடிச்ச."

ரெட்டியார்சத்திரம் வந்துவிட்டது. பையிலிருந்த தக்காளியில் பாதியை என் பைக்குள் கொட்டிவிட்டு, அவர் இறங்கிப் போனார்.